மாரி காலத்தில் வளவுக்குள் வரும் பாம்புகள்: நிலாவெளியிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

நிலாவெளியில் புது வீடு கட்டிக் குடிவந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை என்றும், ஐப்பசி மழை தொடங்கிய பிறகு ஒரே மாதத்துக்குள் மூன்று பாம்புகளை வளவுக்குள் கண்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முதலாவது, பகலில் முற்றத்தைக் கடந்து வேகமாக ஓடிய நீளமான மஞ்சட் பழுப்புப் பாம்பு. இரண்டாவது, இரவு பத்து மணியளவில் வெளிக் குளியலறை வாசலில் கிடந்த, உடம்பில் வெள்ளை வளையங்கள் கொண்ட கறுத்தப் பாம்பு. மூன்றாவது, விறகுக் குவியலுக்குள் சுருண்டு கிடந்து பலமாகச் சீறியது. வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள். மாமியார் விறாந்தையில் பாய் விரித்துப் படுப்பவர். கண்ட பாம்பையெல்லாம் அடித்துவிட வேண்டும் என்பது உங்கள் கணவரின் முடிவு. பக்கத்து வளவார் கார்போலிக் அமிலம் தெளிக்கச் சொல்கிறார்கள். வேலியோரத்துப் புற்றை இடிப்பதா, விடுவதா என்பதில் வீட்டுக்குள்ளேயே இணக்கமில்லை.

நான் தம்பலகாமத்து வயல்வெளியில் பிறந்து வளர்ந்தவன். பின்னர் இந்தத் திருகோணமலை மாவட்டத்தின் வைத்தியசாலை விடுதிகளில் ஏறக்குறைய முப்பது வருடங்கள் தாதிய உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றேன். பாம்பு கடித்து வந்தவர்களிடம் எங்கே, எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருந்தபோது கடித்தது என்று கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. பாம்பு வளவுக்குள் வருவதை நம்மால் முற்றாக நிறுத்த முடியாது. ஆனால் பாம்பும் நமது கையோ காலோ இருட்டில் ஒரே இடத்தில் சந்திப்பதைப் பெரும்பாலும் நிறுத்த முடியும். உங்களுடைய பணத்தையும் நேரத்தையும் முழுவதும் இரண்டாவது வேலைக்கே செலவிடுங்கள்.

மாரியில் ஏன் இப்படி வருகின்றன என்பதை முதலில் பார்ப்போம். நமது மாவட்டத்துக்கு மழையைக் கொடுப்பது வாடைக்காற்றோடு வரும் வடகீழ்ப் பருவம். ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் பள்ளக் காணிகளில் தண்ணீர் நிற்கும். எலி வளையும் மரவேர்ப் பொந்தும் நீரில் மூழ்கும்போது, அங்கே குடியிருந்த பாம்பு மேடான, ஈரமில்லாத இடத்தைத் தேடும். பற்றைக்காட்டின் நடுவே மண் நிரப்பி உயர்த்திக் கட்டிய உங்கள் புது வீட்டின் அத்திவாரம்தான் அந்தச் சுற்றுவட்டாரத்தில் மிக வசதியான மேடு. அதே மழையில் தவளை பெருகுகிறது. நெல்லும் அரிசியும் உள்ள வீட்டை நோக்கி எலி வருகிறது. பாம்புக்கு உங்கள் குடும்பத்தின்மீது எந்த வன்மமும் இல்லை; ஈரமில்லாத இடமும் இரையும் அங்கே கிடைக்கின்றன என்பதே காரணம். கச்சான் வீசும் வரண்ட மாதங்களில் காரணம் மாறும். அப்போது குளியலறைக் கானிலும் கிணற்றடியிலும் உள்ள குளிர்ச்சிக்காகப் பாம்பு வரும். நாமும் புழுக்கம் தாங்காமல் வெளியே நிலத்தில் படுப்போம்.

நீங்கள் கண்ட மூன்றையும் பற்றி, நேரில் பார்க்காமல் சொல்லக்கூடிய அளவுக்குச் சொல்கிறேன். பகலில் ஓடியது அநேகமாகச் சாரை. அதற்கு நஞ்சில்லை, எலியைத் தேடி வீட்டோரம் வரும். ஆளைக் கண்டால் ஓடும். பிடித்தால் மட்டும் கடிக்கும். விறகுக்குள் சீறியது, உடம்பில் சங்கிலி கோத்ததுபோல் நீள்வட்டப் பழுப்புப் புள்ளிகள் இருந்திருந்தால், புடையன். கண்ணாடி விரியன் என்பதும் அதுதான். மண்ணுளிப் பாம்புக்கும் ஏறக்குறைய அதே கோலம் உண்டு, அதற்கு நஞ்சில்லை. என்றாலும் அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதற்காக யாரும் குனிந்து பார்க்க வேண்டாம். கடலை அண்டிய உங்கள் பகுதியின் மணற்றரையில் சுருட்டை விரியனும் இருக்கக்கூடும். ஒரு முழத்துக்கும் குறைவான சிறிய பாம்பு அது. வளைந்து வளைந்து தன் செதில்களை ஒன்றோடொன்று உரசி, சூடான சட்டியில் எண்ணெய் பொரிவதுபோன்ற சத்தம் எழுப்பும். நல்லபாம்பைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. அது படமெடுத்து எச்சரிப்பதால் பலருக்கு விலகுவதற்கு நேரம் கிடைத்துவிடுகிறது.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது குளியலறை வாசலில் கிடந்த அந்த வளையப் பாம்புதான். வெள்ளை வளையங்களோடு வீட்டுக்குள் வரும் நஞ்சற்ற சிறு பாம்பு ஒன்று உண்டு. சுவரில் ஏறிப் பல்லி பிடிக்கும். அதையும் கட்டுவிரியனையும் இரவு வெளிச்சத்தில் வேறுபடுத்தப் பழகிய கண்ணே தடுமாறும். ஆகையால் அது கட்டுவிரியன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எட்டடி விரியன் என்று அதைச் சொல்வார்கள். கடிபட்டவன் எட்டு அடி வைப்பதற்குள் விழுந்துவிடுவான் என்பது அந்தப் பெயருக்குச் சொல்லப்படும் விளக்கம். அந்த விளக்கம் பிழையானது, ஆட்களைச் சாகடிக்கும் பிழை. கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் நோவில்லை, வீக்கமில்லை, பற்குறிகூடச் சரியாகத் தெரிவதில்லை. ஒரு மணித்தியாலம் கழிந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், எட்டடிக் கதையை நம்பியவர் நஞ்சேறவில்லை என்று முடிவுகட்டித் திரும்பவும் படுத்துவிடுகிறார். நஞ்சு அதற்கிடையில் நரம்பு முனைகளைச் சேதப்படுத்திக்கொண்டிருக்கும்.

பல வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி விடியற்காலையில், பத்து வயதுப் பையன் ஒருவனைத் தாயார் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். இரவு மூன்று மணியிலிருந்து வயிற்றுக்குத்து என்றும், முதல்நாள் கோயில் பொங்கலில் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்றும் சொன்னார். வழியில் ஒரு மருந்தகத்தில் வாய்வுக்கு மருந்து வாங்கிக் கொடுத்து, அது கேட்குமா என்று பார்த்ததில் ஒன்றரை மணித்தியாலம் போயிருந்தது. பையன் என்னைப் பார்க்க முயன்றபோது நாடியை மேலே தூக்கித்தான் பார்த்தான். அவனுடைய இரண்டு மேலிமைகளும் பாதிக்கண்வரை தொங்கியிருந்தன. மேலே பார் என்று வைத்தியர் சொன்னார், நெற்றி சுருங்கியது, இமை எழும்பவில்லை. எங்கே படுத்தாய் என்று கேட்டதற்கு, மூக்கால் பேசுவதுபோன்ற குரலில், "பாயில" என்றான். காதுக்குப் பின்னால் ஊசி குத்தியதுபோல் இரண்டு புள்ளிகள் இருந்ததை அதன் பிறகே கண்டுபிடித்தோம். நான்கு நாட்கள் சுவாச இயந்திரத்தில் இருந்து பிழைத்தான். விறாந்தையில் பாய் போட்டுப் படுக்கும் ஒருவரைப் பற்றி யாராவது சொன்னால் எனக்கு அந்த இமைகள்தான் நினைவுக்கு வருகின்றன.

எனவே இந்தப் பதிலில் உள்ள வேறெதையும் செய்ய முடியாவிட்டாலும், உங்கள் மாமியாரை நிலத்திலிருந்து எழுப்புங்கள். கட்டிலில் படுக்க வைத்து, நுளம்பு வலையைக் கட்டி, அதன் ஓரங்களை மெத்தைக்குக் கீழே சுற்றிவரச் செருகிவிடுங்கள். முதுகு வலிக்காக நிலத்தில்தான் படுப்பேன் என்று முதியவர்கள் பிடிவாதமாக நிற்பதுண்டு. அப்படியானால் பாய்க்குக் கீழே செருகக்கூடிய அளவுக்கு அகலமான வலையை வாங்கி, தரைக்கும் வலைக்கும் இடையில் ஒரு விரல் நுழையும் இடைவெளிகூட இல்லாமல் நான்கு பக்கமும் மடித்துச் செருகுங்கள். நேபாளத்தின் சமவெளிக் கிராமங்களில் செய்யப்பட்ட ஆய்வு ஒன்றில், வலைக்குள் படுத்தவர்களுக்குக் கடி மிகவும் குறைவு என்பது தெளிவாகத் தெரிந்தது. கட்டுவிரியன் ஆளைத் தேடி வருவதில்லை. இரவில் எலிக்குஞ்சையும் பல்லியையும் வேறு சிறு பாம்புகளையும் தேடித் தரையோரமாக ஊர்ந்து வரும்போது, தூக்கத்தில் புரளும் ஒரு கை அதன்மேல் விழுகிறது. நுளம்புக்காக வாங்கும் வலை இந்தச் சந்திப்பையும் தடுக்கிறது. பிள்ளைகளின் கட்டிலில் போர்வை நிலத்தில் தொங்காமலும், கட்டில் சுவரோடு ஒட்டாமலும் இருக்கட்டும்.

அடுத்தது டோர்ச் லைட். குளியலறை வெளியே இருக்கும் வீட்டில், வாசற்கதவின் உட்பக்கத்தில் ஆணி அடித்து ஒரு டோர்ச்சைக் கயிற்றில் தொங்கவிடுங்கள். அதை எடுக்காமல் யாரும் இரவில் படியிறங்கக் கூடாது என்பதை ஒரு சட்டமாகவே வையுங்கள். கைத்தொலைபேசி வெளிச்சமும் போதும், ஆனால் அது எப்போதும் வேறெங்கோ மின்னேற்றத்தில் கிடக்கும். வெளிச்சம் காலடிக்கு இரண்டு அடி முன்னால் விழ வேண்டும். முற்றத்து மின்குமிழை விடியும்வரை எரியவிடுவது நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். குமிழுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குத் தவளை வரும், தவளைக்குப் பாம்பு வரும். ஆகவே படியடியில் ஓர் ஆளி வைத்து, போகும்போது போட்டு வந்ததும் அணைப்பதே நல்லது. குளியலறைக்குப் போகும் பாதையின் இருபுறமும் ஒரு மீற்றர் அகலத்துக்குப் புல்லும் சருகும் இல்லாமல் வெறும் மணலாக வைத்திருங்கள். வெளியே கழற்றிவிட்ட செருப்பையும், குறிப்பாகப் பிள்ளைகளின் பாடசாலைச் சப்பாத்தையும், தட்டிக் கவிழ்த்துப் பார்க்காமல் கால் விடாதீர்கள்.

நமது பழைய வீடுகளில் காலையும் மாலையும் முற்றத்து மணலைக் கூட்டி வைப்பார்கள். அதை நாம் அழகுக்கான வேலை என்று நினைத்துக் கைவிட்டு, இப்போது புல் வளர்க்கிறோம், அல்லது சீமெந்துக் கல் பதிக்கிறோம். ஈர்க்கு விளக்குமாற்றால் மாலையில் கூட்டிய மணலில், இரவு பாம்பு போயிருந்தால் காலையில் அதன் தடம் வளைவு வளைவாகத் தெரியும். எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எந்த மூலைக்குள் போனது என்பதை என் பாட்டியார் அதைப் பார்த்தே சொல்லிவிடுவார். அந்த மூலையைத்தான் அன்றைக்குத் துப்புரவு செய்வோம். உங்கள் வளவு மணல் வளவு. அதைக் கூட்டிய மணலாகவே வைத்திருங்கள்.

விறகுக் குவியலை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்குக் கல் அடுக்கி, அதன்மேல் கம்பு பரப்பி அடுக்குங்கள். கீழே வெளிச்சம் ஊடுருவிப் போக வேண்டும். மறுபக்கத்து நிலம் தெரிந்தால் பாம்பு அங்கே தங்காது. கட்டட வேலை முடிந்து மிச்சமாகக் கிடக்கும் கல், ஓடு, தகரத் துண்டுகள் புது வீடுகளில் வருடக்கணக்காகக் கோடிப்புறத்தில் கிடப்பதைக் காண்கிறேன், அவற்றைக் கொடுத்துவிடுங்கள். தென்னோலையும் பொச்சுமட்டையும் குவிந்தால் அதன் அடியில் எலி குட்டி போடும். புடையனைப் பற்றி நினைவில் வைக்க வேண்டியது, அது ஓடுவதில்லை என்பதுதான். சருகின் நிறத்தில் அசையாமல் கிடந்து, மிக நெருங்கிய பிறகே சீறும். தம்பலகாமத்தில் எங்கள் சிறியதாயார் ஒருநாள் கிடுகு பின்ன ஊறப்போட்டிருந்த ஓலையை எடுக்கப் போனபோது, வழக்கம்போல் முதலில் மண்வெட்டிப் பிடியால் மேலோலையின் அடிமட்டையைக் கொழுவி, தன் பக்கமாக அல்லாமல் எதிர்ப்பக்கமாகப் புரட்டினார். ஓலைக்கும் சிறியதாயாருக்கும் இடையில் மண்வெட்டிப் பிடியின் நீளம் இருந்தது. உள்ளே கிடந்த புடையன் தலையைப் பின்னுக்கு இழுத்துக் காற்றுப்போன டயர்போல் சீறியது. அவர் பிடியைப் போட்டுவிட்டு நான்கு எட்டுப் பின்னால் வந்தார், அவ்வளவுதான். ஓலை, விறகு, தகரம், சாக்கு எதுவாயினும் முதலில் நீண்ட தடி, பிறகு கை.

எலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெல்லையும் அரிசியையும் மூடியுள்ள தகரப் பீப்பாயிலோ தடித்த பிளாஸ்டிக் பீப்பாயிலோ வையுங்கள். கோழித் தீனியை இரவில் சிந்தவிடாதீர்கள். குசினிக் கழிவை அன்றன்றே புதையுங்கள். எலி இல்லாத வளவில் பாம்பு தங்குவது குறைவு, எலிக்காய்ச்சலும் குறைவு. கோழிக்கூட்டுக்கு அரை அங்குலத்துக்குச் சிறிய கண்ணுள்ள கம்பிவலை அடித்து, முட்டையை மாலைக்குள் எடுத்துவிடுங்கள். கூட்டுக்குள் பார்க்காமல் கைவிட்டு முட்டை தடவுவதுதான் பெண்களுக்குக் கையில் கடி விழும் வழிகளில் ஒன்று. கதவின் அடியில் ரப்பர்ப்பட்டை, கான் குழாய் வாயில் சிறுகண் கம்பிவலை, கூரையைத் தொடும் கிளைகளை வெட்டுதல் ஆகியவை ஒரே நாளில் முடியும் வேலைகள்.

கார்போலிக் அமிலத்தை வாங்க வேண்டாம். பாம்பு அதன் மணத்துக்காக நிரந்தரமாக விலகிவிடுவதில்லை. ஒரு மழையில் அது கழுவப்பட்டுப் போகும். ஆனால் பிள்ளையின் தோலில் பட்டால் கருக்கிவிடும், கிணற்றுக்குள் இறங்கினால் தண்ணீர் கெடும். உள்ளி, உப்பு, கந்தகம், மண்ணெண்ணெய், பூச்சி உருண்டை, வேலியோரம் நடும் சிறியாநங்கை எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். இவற்றின் பெரிய தீமை நம்பிக்கை: மருந்து தெளித்தாயிற்று என்ற நிம்மதியில் டோர்ச் இல்லாமல் இறங்குவோம்.

கண்டதையெல்லாம் அடிப்பது பற்றி உங்கள் கணவருக்கு நான் மரியாதையோடு சொல்ல விரும்புவது இது. விடுதியில் நான் கண்ட ஆண்களில் பலர், பாம்பு தேடி வந்து கடித்ததால் அங்கே வரவில்லை. தாங்கள் தடியோடு அதை நெருங்கியதால் வந்தார்கள். செத்துவிட்டது என்று வாலைப் பிடித்துத் தூக்கியவரும் அவர்களில் உண்டு; வெட்டிய தலைகூடச் சிறிது நேரம் கடிக்கும். சாரையை அடித்தால் அது தின்றிருக்க வேண்டிய எலிகள் மிஞ்சும். அந்த எலிகளுக்காக நல்லபாம்பும் புடையனும் வரும். சாரையும் நல்லபாம்பும் பின்னிப் பிணைவதாகச் சொல்லி அடிப்பார்கள். அப்படி நிமிர்ந்து முறுக்கிக்கொள்பவை பெரும்பாலும் பெண்ணுக்காகப் போட்டியிடும் இரண்டு ஆண் சாரைகள். கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டுச் சுடலை மரத்தில் ஏறிப் புகை பார்க்கும் என்ற கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். அது மரத்தில் ஓணானும் தவளையும் பிடித்துத் திரியும், நமக்குத் தீங்கற்ற உயிர். தப்பிய பாம்பு பழிவாங்க வரும் என்பதும் அப்படித்தான். வெங்கிணாந்தி என்னும் மலைப்பாம்பைக் கொல்வது, 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றமுமாகும்.

வளவில் பாம்பைக் கண்டால் நின்றுவிடுங்கள், பிறகு மெதுவாகப் பின்னால் வாருங்கள். தன் உடல்நீளத்தின் பாதிக்கு மேல் எட்டிக் கொத்துவது பாம்புக்கு அரிது. மூன்று மீற்றர் தூரம் இருந்தால் நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள், அதற்குப் போக வழியும் கிடைக்கிறது. வீட்டுக்குள் வந்துவிட்டால் பிள்ளைகளையும் நாயையும் வெளியேற்றி, அந்த அறைக்கும் மற்ற அறைகளுக்கும் இடையிலான கதவை மூடி, அதன் அடியில் துவாயைச் செருகி, வெளிக்கதவைத் திறந்துவிட்டு, ஒருவர் தூரத்தில் நின்று அது போகும் வரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். போகாவிட்டால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்தை அழைக்கலாம். வேலியில் பயிருக்காகக் கட்டிய நைலோன் வலையில் சாரை சிக்கிக் கிடப்பதை அடிக்கடி காண்பீர்கள். அதைக் கையால் அவிழ்க்க முனையாதீர்கள். தேவை முடிந்த வலையைச் சுருட்டி எடுத்துவைத்தால் அந்தச் சிக்கலே வராது.

கரை வீட்டுக்காரர் என்பதால் இன்னொன்று. கரைவலை இழுக்கும் நேரத்தில் பிள்ளைகள் மீன் பொறுக்க ஓடுவார்கள். வாலின் நுனி துடுப்புப்போல் தட்டையாக இருக்கும் கடற்பாம்பு வலையோடு வரும். மணலில் சோர்ந்து கிடந்தாலும் அதைத் தொடக் கூடாது. அதன் நஞ்சு கடுமையானது, நமது வைத்தியசாலைகளில் உள்ள எதிர்மருந்து அதற்கெனச் செய்யப்பட்டதல்ல.

இவ்வளவும் செய்த பிறகும் கடி விழலாம். 2012, 2013 ஆண்டுகளில் இலங்கை முழுவதும் வீடு வீடாகச் செய்யப்பட்ட கணக்கெடுப்பு ஒன்று, வருடத்துக்கு ஏறக்குறைய 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது, அவர்களில் 30,000 பேருக்கு நஞ்சேறுகிறது, 400 பேர் இறக்கிறார்கள் என்று மதிப்பிட்டது. இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் பாருங்கள்: கடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள். ஆகவே கடிபட்டவரிடம் முதலில் சொல்ல வேண்டியது, பயப்படாதே, இதற்கு மருந்து உண்டு என்பதுதான். அது ஆறுதலுக்காகச் சொல்லும் பொய் அல்ல.

பிறகு அவரை நடக்கவிடாமல் இருத்துங்கள். மோதிரம், காப்பு, கொலுசு, இறுக்கமான உடை ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். கடிபட்ட காலையோ கையையோ தடியோ மட்டையோ வைத்து, முறிந்த எலும்புக்குக் கட்டுவதுபோல் அசையாமல் தளர்வாகக் கட்டுங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். இறுகக் கட்டியதால் கறுத்துப்போன காலை, நஞ்சால் அல்ல, கட்டினால் இழந்தவர்களை நான் பராமரித்திருக்கிறேன். கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, விஷக்கல் ஒட்டுவது எதுவும் வேண்டாம். கடித்த நேரத்தை ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டியதில்லை. தூரத்திலிருந்து ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் விடுங்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கைவசம் வாகனம் இருந்து உடனே புறப்பட முடியுமானால் காத்திருக்க வேண்டாம். நிலாவெளியிலிருந்து திருகோணமலை நகரம் ஏறக்குறைய 15 கிலோமீற்றர்தான், இரவில் அந்த வீதி வெறுமையாகவே இருக்கும். சத்தி எடுத்தால் அல்லது மயங்கினால் இடப்பக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள்.

பரியாரியாரிடம் முதலில் காட்டுவோம் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். பரியாரிமாரை நான் இழிவாக எண்ணவில்லை. என் தாத்தாவும் விஷகடிக்கு மூலிகை கட்டியவர்தான். ஆனால் மூச்சு நிற்கும்போது மூச்சைக் கொடுக்கும் இயந்திரமும், சிறுநீரகம் நிற்கும்போது இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரமும் அவரிடம் இல்லை. வைத்தியசாலையில் எதிர்மருந்து உடனே ஏற்றவில்லை என்று சொந்தக்காரர் கோபிப்பதைப் பல தடவை கண்டிருக்கிறேன். அந்த மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து இந்தியாவில் தயாரிக்கப்படுவது. நல்லபாம்பு, கட்டுவிரியன், புடையன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்குமானது. உடம்பு அதை ஏற்காமல் கடுமையான ஒவ்வாமை காட்டுவது இங்கே சாதாரணம். அதனால் நஞ்சேறியதற்கான அடையாளம் தெரிந்த பிறகே அதை ஏற்றுவார்கள். சிறிது இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைந்ததா என்று சரித்துப் பார்ப்பார்கள். புடையன் கடியில் அது தண்ணீர்போல் ஓடும். இலங்கைப் புடையன் கடித்தவர்களுக்கு இமையும் தொங்கலாம். ஒன்றுமே தெரியாவிட்டாலும் ஒரு முழுநாள் விடுதியில் வைத்துப் பார்ப்பார்கள். கையொப்பமிட்டு நேரத்தோடு வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டாம்.

எஞ்சியிருப்பது வேலியோரத்துப் புற்று. உங்கள் மாமியார் வெள்ளிக்கிழமைகளில் அங்கே நாகதம்பிரானுக்குப் பால் ஊற்றி விளக்கு வைப்பதாக எழுதியிருந்தீர்கள். அது கறையான் கட்டிய மண்மேடு. பாம்பு அதைக் கட்டுவதில்லை, வெறுமையான அறைகளில் சில காலம் தங்கும். இடித்தால், தங்கியிருப்பது எதுவோ அது அன்றே வீட்டுப் பக்கம் புறப்படும். இடிக்கும் ஆளுக்கும் ஆபத்து. வீட்டிலிருந்து நாற்பது அடி தூரத்தில் உள்ள புற்றை நான் என்றால் விட்டுவைப்பேன். பாம்பு பாலைக் குடிப்பதில்லை. முட்டையும் பாலும் அங்கே கிடந்தால் எலியும் எறும்பும் வரும் என்பதால், படையலைச் சிறிது நேரத்தில் எடுத்துவிடும்படி அவரிடம் பக்குவமாகக் கேளுங்கள். புற்றைச் சுற்றி இரண்டு மீற்றருக்குப் பற்றையை வெட்டி மணலாக்கி, வீட்டுப்படியிலிருந்து அதுவரை ஒரு பாதையைக் கூட்டிக் கொடுங்கள். விளக்கை அந்தி சாய்வதற்கு முன், வெளிச்சம் இருக்கும்போதே, செருப்புப் போட்டுக்கொண்டு போய் ஏற்றிவிட்டு வரட்டும். புற்றடியில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று அவர் சொன்னால், கழற்றும் இடத்தில் ஒரு தட்டையான சீமெந்துக் கல்லைப் பதித்துக் கொடுங்கள்.